கருவாட்டைக் கொடுத்து மாவடு வாங்கியவன்

மரக்காணத்துக்காரனிடம் 'உங்க ஊர்ல என்ன விசேஷம்?' என்று கேட்டுப் பாருங்கள். உப்பு என்பான். அப்புறம் கருவாடு என்பான். மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசிப்பான். சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஈ.ஸி.ஆர். வழியாக பஸ்ஸில் போயிருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள். ரோட்டோரம் கண்ணாடி பதித்த மாதிரி பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வரப்பில் கீற்று போட்டு மூடிய வெள்ளைக் குவியல். பஸ்ஸில் ஏதாவது ஒரு குழந்தை "ஐஸா டாடி?" என்று கேட்கும். இல்லை கண்ணு, உப்பு.

இப்பேர்ப்பட்ட ஊரின் உப்பைத் தின்று வளர்ந்த அடியேன், போன வருஷம் தை மாதம் ஒரு டாக்டர் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"150க்கு 96. வயசு என்ன?"

"36."

"வீட்ல யாருக்காவது பிரஷர் உண்டா?"

அப்பாவுக்கு இருந்தது. அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். 57-ஆவது வயதில் ஒரு நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் போயிற்று. அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷமும் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருந்தார், பாங்க்காரன் ஒத்துக்கொள்ளவேயில்லை. பிரஷரைப் பற்றி நான் ஜோக் அடித்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மூணு மாசம் டைம் குடுங்க ஸார், சாப்பாட்டுலயே சரி பண்ணிடறேன்" என்றேன். அவர், "சாப்பாட்டையும் மாத்துங்க, மாத்திரையும் போடுங்க" என்றார். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

அதற்குக் காரணம் பாண்டிச்சேரியில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் நண்பன். இரண்டு பேரும் ஒன்றாக பி.காம். படித்தவர்கள். பிரியாணி சாப்பிட காலேஜுக்குக் கட் அடித்தவன் இப்போது வீகன் ஆகிவிட்டான். இறைச்சி, மீன், முட்டை மட்டுமில்லை. பால், தயிர், நெய், தேன்கூடக் கிடையாது. இங்கிலாந்தில் டொனால்ட் வாட்ஸன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1944-ல் ஆரம்பித்த சமாச்சாரம். தமிழில் நனிசைவம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கட்சி மாறியவனுக்குத்தானே கொடி பெரிசாக இருக்கும்?

"மாப்ளே, உடம்புக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது. மனுஷன் வெளியே விடற வெப்ப வாயுவுல 14.5 சதவிகிதம் ஆடு மாடு கோழி வளர்க்கறதாலதான்னு ஐ.நா. சபையோட உணவு அமைப்பே 2013-ல சொல்லியிருக்கு. நீ ஒரு மட்டன் சுக்காவை விட்டா பூமி ஒரு மூச்சு விடும்டா."

எனக்கு பூமியை விட என் மூச்சுதான் முக்கியமாக இருந்தது. இருந்தாலும் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்றால் யார் விடுவார்கள்?

வீட்டில் அறிவித்தேன். "இன்னிலேர்ந்து நான் சைவம்."

அம்மா காலண்டரைப் பார்த்தாள். "அமாவாசை நாளைக்குத்தானேடா?"

"அமாவாசைக்கு இல்லம்மா. எல்லா நாளும்."

"யாருக்கு வேண்டுதல்?"

"எனக்குத்தான். பாலும் வேணாம்."

"தயிருங்க?" என்றாள் மனைவி.

"தயிர் பால்லேர்ந்துதானே வருது."

"மோரு?"

"மோர் தயிர்லேர்ந்து..."

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஜுரம் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்குக் கவலை அதிகமாயிற்று.

இதைவிடக் கஷ்டம் மீன்கார ஆயாவிடம் சொல்வது. நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் வாசலில் கூடையை இறக்குகிறவள். கவலை, நெத்திலி, காரப்பொடி என்று நாளைக்கு ஒன்று. மழைக்காலத்தில் கருவாடு. "வேணாம் ஆயா. நான் சைவமாயிட்டேன்" என்றேன். கூடை மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "உடம்புக்கு இன்னா நைனா?" என்றாள். அவள் கேட்டது சரியான கேள்வி. நான்தான் "உடம்புக்கு ஒண்ணுமில்ல ஆயா, உலகத்துக்காக" என்று உளறினேன். ஆயா உலகத்தைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டு எருமை நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் கருவாட்டை மறுப்பது சின்ன விஷயம் இல்லை ஸார். சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று ஓர் ஊர் வருகிறது. அது இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பாணர்கள் அந்த ஊருக்குப் போனால் பரதவர் வீடுகளில் கள்ளும், சுட்ட குழல் மீன் கருவாடும் கிடைக்கும் என்று புலவர் வழி சொல்லி அனுப்புகிறார். விருந்தாளிக்கு அப்போதே சைடு டிஷ் ரெடி. அந்தப் பரம்பரையில் வந்தவன் அப்பளம் பொரிக்கச் சொன்னேன்.

அப்பளத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது.

மீன் குழம்பு இருந்த இடத்தில் வத்தக்குழம்பு வந்தது. தயிர் இல்லாத சோற்றைத் தொண்டைக்குள் தள்ள மாவடு தேவைப்பட்டது. மாவடு தீர்ந்தால் நார்த்தங்காய். அதுவும் தீர்ந்தால் தக்காளித் தொக்கு. சாயந்திரம் பசித்தால் காராசேவு, அதில் எந்த ஜீவராசியும் சம்பந்தப்படவில்லை. மோர் மிளகாயில் மோர் இருக்கிறது என்பதால் அதை மட்டும் தியாகம் செய்தேன். கொள்கை என்று வந்துவிட்டால் நான் கறார்ப் பேர்வழி.

மூன்று மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தேன். பேன்ட் லூஸானது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டரிடம் போனேன். பட்டையைச் சுற்றி காற்றடித்தார். இறக்கினார். மறுபடி அடித்தார்.

"158க்கு 100."

"மிஷின் சரியா இருக்கா ஸார்?"

"மிஷின் சரியாத்தான் இருக்கு. நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். இட்லி, மிளகாய்ப் பொடி, சாம்பார். பதினொரு மணிக்கு உப்புப் போட்டு அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). மதியம் சோறு, வத்தக்குழம்பு, அப்பளம் மூன்று, மாவடு இரண்டு. சாயந்திரம் காராசேவு. ராத்திரி புளிசாதம், நார்த்தங்காய். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தவர் நார்த்தங்காயில் பேனாவை மூடிவிட்டார்.

"எல்லாமே செடி கொடிதான் ஸார்" என்றேன்.

"வாஸ்தவம். உப்பு எந்தச் செடியில காய்க்குது?"

அப்புறம் பாடம் நடத்தினார். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாகத் தட்டிய ஒரு டீஸ்பூன். இட்லி மாவிலிருந்து ஊறுகாய் வரைக்கும் எல்லாம் சேர்த்து. நம் நாட்டில் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும் சராசரி 8 கிராமுக்குக் கீழே வருவதில்லை. உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது ரத்தத்தில் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, குழாயில் அழுத்தம் ஏறுகிறது. சோடியம் கருவாட்டில் வந்ததா, மாவடுவில் வந்ததா என்று ரத்தக்குழாய் ஜாதகம் பார்ப்பதில்லை. "அப்ப இந்துப்பு போட்டுக்கலாமா ஸார்?" என்றேன். ரோஸ் கலரில் இருந்தாலும் அதுவும் சோடியம் குளோரைடுதான் என்றார். பொட்டாசியம் கலந்த உப்பு கடையில் கிடைக்கிறது, ஆனால் கிட்னி கோளாறு இருக்கிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றார்.

பி.காமில் மூன்று வருஷம் படித்தும் உருப்படியாக நினைவிருப்பது ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதாமல் பேரேட்டை மூடக்கூடாது. நானோ 'கருவாடு போனது' என்று ஒரு பக்கத்தை எழுதிவிட்டு, அதற்குப் பதில் என்ன வந்தது என்று எழுதாமலேயே லாபம் காட்டியிருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் ஸ்கேலால் அடித்திருப்பார்.

அதற்காக, செடி கொடி சாப்பாட்டால் பிரஷர் குறையாது என்று நினைத்துவிட வேண்டாம். குறையும். மருந்து சரியாக இல்லாத காலத்தில், 1939 வாக்கில், அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் கடுமையான ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு ஒரு சாப்பாடு போட்டார். வெறும் சோறு, பழம், சர்க்கரை. உப்பு ஒரு கல்கூடக் கிடையாது. நம் ஊரில் இதை ஜெயில் சாப்பாடு என்போம். ஆனால் பலருக்கு பிரஷர் இறங்கியது, வீங்கியிருந்த இதயம் சுருங்கியது. எக்ஸ்ரேயில் காட்டினார். 1997-ல் 'டேஷ்' என்ற ஆராய்ச்சி வந்தது. காய், பழம், கொழுப்பு நீக்கிய பால் எல்லாம் நிறையக் கொடுத்ததில், பிரஷர் இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரி 11 புள்ளி இறங்கியது. 2001-ல் அதே சாப்பாட்டில் உப்பையும் குறைத்தார்கள், இன்னும் இறங்கியது. கவனியுங்கள், அதில் பால் உண்டு. நண்பனிடம் சொன்னேன். அவனுக்கு அன்றைக்கு முக்கியமான போன் வந்துவிட்டது.

நம் பக்கத்திலேயே சொன்னவரும் இருக்கிறார். பாண்டி, கடலூர் என்று பஸ் மாறினால் வடலூர். வள்ளலார் 1867-ல் அங்கே தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. புலால் வேண்டாம் என்ற அவர் வார்த்தை எல்லோருக்கும் தெரியும். நித்திய கரும விதியில் அதோடு நிறுத்தாமல், புளி, மிளகாயைச் சிறிதாக வைத்துக்கொள்ளச் சொல்லி, உப்பைக் குறைத்தால் தேகம் நீடிக்கும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். வாட்ஸனுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால். நானும் மூன்று மாதம் இவர் பெயரைச் சொல்லித்தான் வீட்டில் சைவப் பிரசங்கம் செய்தேன். இந்தப் பகுதியை மட்டும் படிக்கவில்லை.

காந்தியும் இந்த வழியில் போய் இடறியவர்தான். தென் ஆப்பிரிக்காவில் கஸ்தூரிபாவுக்கு உடம்பு சரியில்லாதபோது உப்பையும் பருப்பையும் விடச் சொன்னார். 'நீங்க விடுவீங்களா?' என்று அந்த அம்மாள் கேட்க, ஒரு வருஷம் விட்டேன் என்று அங்கேயே சபதம் செய்தார். 1912-ல் பாலையும் விட்டார். அப்புறம் 1918-ல் சீதபேதியில் படுத்து எழுந்திருக்க முடியாமல் போனபோது, 'சபதம் செய்யும்போது மாடும் எருமையும்தானே உங்க மனசுல இருந்தது, ஆட்டுப்பால் குடிச்சா என்ன?' என்று வழி காட்டியதும் கஸ்தூரிபாதான். உப்பை விட்ட அதே மனிதர் 1930-ல் உப்புக்காக தண்டிக்கு நடந்தார், ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். பெரியவர்கள் விவகாரமே தனி. எங்கள் வீட்டிலும் கஸ்தூரிபா வேலையை மனைவிதான் செய்தாள். ஊறுகாய் ஜாடிகளை அவள் அம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

உடம்புக் கணக்கு தப்பானதும் பூமிக் கணக்கின் மேலும் சந்தேகம் வந்தது. பார்த்தேன். ஆடு, மாடு அசைபோடும்போது மீத்தேன் வருகிறது, ஆகவே மட்டனையும் பாலையும் பற்றி நண்பன் சொன்னது சரிதான். ஆனால் நான் இரண்டு தட்டு தின்கிற சோறு? தண்ணீர் தேங்கிய நெல் வயலிலும் மீத்தேன்தான் வருகிறது. அவன் காப்பியில் ஊற்றுகிற பாதாம் பால்? உலகத்துப் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த கலிஃபோர்னியாவில் விளைகிறது. நமக்குப் பக்கத்திலேயே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று விவசாயிகள் சொல்லும் மல்லாட்டை ரகங்களில் டி.எம்.வி. என்பதே திண்டிவனம்தான். 100 கிராமில் 25 கிராம் புரதம். இதை விட்டுவிட்டுக் கப்பலில் வந்த பாதாமை ஊறவைப்பானேன்?

மீனிலும் ஒரே கணக்கு இல்லை. ஆயா கூடையில் வருகிற கவலை மாதிரி கூட்டமாகத் திரியும் சின்ன மீனுக்கு கிலோவுக்குச் செலவாகும் எண்ணெய் கம்மி. ஆட்டிறைச்சி பக்கத்தில்கூட வராது. கடலடியை வாரி இழுக்கும் விசைப்படகுக்கு டீஸல் கன்னாபின்னாவென்று ஆகும், வேண்டாத குஞ்சும் சேர்ந்து மாட்டும். வளர்ப்பு இறால் இன்னொரு கதை. ஊருக்குப் பக்கத்திலேயே கழுவேலி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 5,000 ஹெக்டேருக்கு மேல். குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்க டெலஸ்கோப்போடு வருவார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இறால் குட்டைகளும், ராத்திரி பூரா தண்ணீரை அடிக்கும் சக்கரங்களும். இறாலுக்குப் போடும் தீவனத்தில் மீன்தூளும் சேர்கிறது. உப்புத்தண்ணீர் பக்கத்து நிலத்தில் இறங்குவதைப் பற்றி சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1996 டிசம்பர் 11-ல் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருக்கும் பண்ணைகளை எடுக்கச் சொல்லித் தீர்ப்பும் வாங்கினார். 2005-ல் சட்டம் போட்டுத் தனி ஆணையம் வைத்து, பதிவு செய்து நடத்தலாம் என்றாக்கினார்கள். ஆகவே இறாலை விட்டதற்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை. வருத்தப்பட்டது நாக்கு.

உப்பைக் குறைக்கப்போகிறேன் என்றதும் எங்கள் மாமா முறைத்தார். அளத்தில் வேலை. வெயிலுக்கு முந்தணும் என்று இருட்டோடு எழுந்து போய், பாத்தியில் பலகை போட்டு வாரி, ஒன்பது மணிக்குக் கண் சிவந்து, குதிகாலில் வெடிப்போடு வருகிறவர். "எல்லாரும் உன்ன மாதிரி கெளம்பிட்டா எங்க பொழப்பு இன்னாடா ஆவறது?" நியாயமான கேள்வி. விசாரித்ததில் இந்தியாவில் விளையும் உப்பில் மனுஷன் வாய்க்குப் போவது சிறு பங்குதான். மீதி காஸ்டிக் சோடா மாதிரி தொழிற்சாலைகளுக்கும் ஏற்றுமதிக்கும். சொன்னேன். "அப்ப ஃபேக்டரிக்கு பிரஷர் வந்தாத்தான் எனக்கு ஆபத்து" என்று சமாதானமானார். நாள் பூரா வெயிலில் வேர்வை சிந்துகிற அவருக்கு டாக்டர் சொல்கிற கணக்கும், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேனா பிடிக்கிற எனக்குச் சொல்கிற கணக்கும் ஒன்றாக இருக்காது. அதை அவர் போய்த்தான் கேட்க வேண்டும். போக மாட்டார்.

இப்போது ராத்திரி ஒரு மாத்திரை. மனைவி தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவாள், ஊறுகாய் இருந்த இடத்தில். வீட்டில் எல்லாவற்றிலும் பாதி உப்பு. முதல் இரண்டு வாரம் சாம்பார் கஞ்சித்தண்ணீர் மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழமும் மிளகும் கைகொடுத்தன. இரண்டு மாதத்தில் நாக்கு வழிக்கு வந்து, இன்றைக்கு ஹோட்டல் சாம்பாரை வாயில் வைத்தால் நம் ஊர் அளத்துக்குள் விழுந்த மாதிரி இருக்கிறது. கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, காராமணி, உப்பில்லாமல் வறுத்த மல்லாட்டை. பி12 சத்து செடியில் கிடைக்காது என்று டாக்டர் தனி மாத்திரை கொடுத்திருக்கிறார். முழு வீகனாக இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும். மட்டன் இல்லை, இறால் இல்லை, டீயில் கொஞ்சம் பால் உண்டு. மாதத்துக்கு இரண்டு தடவை ஆயாவிடம் பச்சை மீன். நண்பன் என்னை துரோகி என்கிறான். போன வாரம் 128க்கு 82. துரோகிக்கு இது போதும்.

மாதத்துக்கு இரண்டு தடவை வியாபாரத்தில் ஆயாவுக்கு என்ன மிஞ்சும்? அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் பார்த்தால் மீன் கூடைக்கு மேல் ஒரு சின்னக் கூடை.

"இன்னா ஆயா இது?"

"உமரிக்கீர. அளத்து வரப்புல கெடந்தது. நீதான் மீனு துன்ன மாட்டியே. இருவது ரூவா குடு."

குச்சி குச்சியாக, பச்சையும் சிவப்புமாக, தண்ணீர் கோத்த மாதிரி இலை. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். கரித்தது.

"ஆயா, இது ஒரே உப்பா இருக்கு."

"அளத்துல மொளச்சது பின்ன சக்கரையாவா இருக்கும்? ஒரு கொதி வுட்டு தண்ணியக் கொட்டிடு. அப்பறம் பருப்பு போட்டுக் கடை. உப்பு போட்றாத நைனா, அதுவே போட்டுக்கிணு வந்திருக்கு."